மூன்றாவது சிவப்புத் துணி

“உன் வூட்டுக்காரரு வந்துட்டாரா சகாயம்?”

செங்கமலம் வேலிப் படலுக்கு அந்தாண்டை நின்றபடி கேட்டாள். தலையில் சும்மாடு, கையில் தூக்குவாளி, தூக்கிச் செருகிய புடவைக்கு மேலே மகனுடைய பழைய முழுக்கைச் சட்டை. நடவுக்குப் புறப்பட்ட கோலம்.

“எங்க வந்தாரு. முந்தாநாளு காலையில போனவரு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு போனு. ‘கேட்டு பெயிலு, பாயிண்டு பெயிலு, வரமாட்டேன், நீ தூங்கு’ன்னு.”

“எழுப்பிவுட்டுத் தூங்குன்னாரா?”

“ஆமாக்கா.”

“நல்ல மனுசன்டி.” செங்கமலம் வெற்றிலைச் சாற்றை ஒதுக்குப்புறமாகத் துப்பினாள். “வர்றியா நடவுக்கு? ஒரு ஆளு கொறையுது. இலுப்பந்தோப்பு கேட்டுக்கு அந்தாண்டதான் கொல்ல. குட்டியானையில போயி குட்டியானையிலயே திரும்பிடலாம். பன்னண்டரைக்குள்ள கரையேறிடுவோம்.”

“வாணாம்க்கா. பசியோட வருவாரு. சோறு போடணும்.”

“சோத்த மூடி வச்சிட்டு வாயேன். ரயிலு மாதிரி அவரும் லேட்டாத்தான் வருவாரு.”

தெருமுனையில் அந்தச் சின்னச் சரக்கு வண்டி ஹாரன் அடித்தது. பின்பக்கத்தில் ஏற்கெனவே எட்டுப் பத்துப் பெண்கள் கம்பியைப் பிடித்து நின்றிருந்தார்கள். செங்கமலம் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். ஒருத்தி கையை நீட்டித் தூக்க, இன்னொருத்தி இடுப்பைக் கிள்ள, வண்டி சிரிப்போடு கிளம்பியது.

பதினோரு நாள் மழைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வெயில் எட்டிப் பார்த்தது. கார்த்திகை மாசத்து வெயில். சுள்ளென்று அடிக்கும், அடுத்த நாழிகையில் மூடிக்கொள்ளும். வில்லியனூருக்கு மேற்கே நாலைந்து மைல் தள்ளி, அந்தோணியார்பேட்டையில் எல்லா வீட்டுக் கொடியிலும் துணி. சகாயராணி பாயைத் தூக்கிச் சுவரில் சாய்த்தாள், நனைந்த விறகைப் பரப்பினாள், வீராம்பட்டினத்திலிருந்து கூடைக்காரி கொண்டுவந்து கொடுத்த நெத்திலிக் கருவாட்டை வறுத்துக் குழம்பு கூட்டினாள்.

ஒன்பது மணிக்கு அருள்தாஸ் வந்தான். முழங்கால் வரை சேறு. கண் இரண்டும் மிளகாய்ப் பழம். டி.வி.எஸ். வண்டியை நிறுத்தக்கூட முடியாமல் சுவரில் சாய்த்துவிட்டு, தோள்பையை வாசல்படியிலேயே போட்டான்.

“குளிச்சிட்டு வாங்க.”

“மொதல்ல சோறு.”

கையை மட்டும் கழுவிக்கொண்டு உட்கார்ந்தான். ரயில்வேயில் சிக்னல் மெயின்டெய்னர் வேலை அவனுக்குப் பத்தொன்பது வருஷமாக. ஸ்டேஷன் மாஸ்டர் பித்தானை அழுத்தினால் சிக்னல் விழ வேண்டும், பாயிண்டில் தண்டவாளம் நகர்ந்து தடம் மாற வேண்டும், கேட் பூட்டினால் பூட்டியதென்று காட்ட வேண்டும். அந்தக் கம்பிகளையும் பெட்டிகளையும் பார்த்துக்கொள்வது அவன் பாடு. மழைக்காலத்தில் பெட்டிக்குள் ஈரம் ஏறும், எலி கம்பியைக் கடிக்கும், பாம்பு புகுந்து சுருண்டுகொள்ளும். சித்திரையில், மேற்குப் பக்கம் பார்த்த பலராமன் ரிட்டயர் ஆனதிலிருந்து அவருடைய ஏழு கேட்டையும் இவனே பார்க்கிறான். அந்த இடத்துக்கு ஆள் போடுவார்கள் போடுவார்கள் என்று ஆடி போய் ஐப்பசியும் போயிற்று.

“எத்தினி மணி நேரம் ஆச்சு நீங்க தூங்கி?”

“கணக்குப் பண்ணாத. பண்ணா தூக்கம் வரும்.” இரண்டு கவளம் உருட்டி வைத்தான். “இலுப்பந்தோப்பு கேட்டுல ஆரம்பிச்சுது. அத்த முடிச்சா பாயிண்டு. பாயிண்ட முடிச்சா மேக்கால ஒம்போது கிலோமீட்டர்ல இன்னொரு கேட்டு. இதுக்கெல்லாம் முன்னாடியே, காலையில பெரிய அதிகாரி வர்றாருன்னு ஒரு போனு. மொத வண்டியில இஞ்சினுல ஒக்காந்து லைன் பாத்துகினே வர்றாராம்.”

“அவுரு தூங்கிட்டு வந்திருப்பாரு.”

“கொழம்பு நல்லாருக்குது” என்றான். மூன்றாவது கவளம் கையிலிருக்கும்போதே தலை தொங்கியது. அவள்தான் கையைத் துடைத்துவிட்டு உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள்.

*

பதினோரு மணி தாண்டியதும் தோள்பையின் ஞாபகம் வந்தது அவளுக்கு. ஈரத்தோடு கிடந்தால் சாமான் துருப்பிடிக்கும். முற்றத்தில் சாக்கை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஸ்பேனர், கட்டிங் பிளேயர், மீட்டர், சாவிக்கொத்து, நனைந்து ஊறிய நோட்டு, வேளாங்கண்ணி மாதா படம் போட்ட பிளாஸ்டிக் உறை. அடியில் சுருட்டி வைத்த லூப்புகள்.

லூப் என்றால் ஒரு முழக் கம்பி, இரண்டு முனையிலும் பல்லுள்ள கவ்வி. அவ்வளவுதான். கேட்டை மூடிப் பூட்டினால்தான் பெட்டிக்குள் ஒரு கம்பி சேரும். சேர்ந்தால்தான் சிக்னல் பச்சைக்கு வரும். அந்த இடம் மழையில் கெட்டுப்போனால், கேட்டை எத்தனை தரம் பூட்டினாலும் சிக்னல் சிவப்பிலேயே நிற்கும், வண்டியும் நிற்கும். சரிப்படுத்த இரண்டு மணி நேரம் பிடிக்கும். அதற்கு ஸ்டேஷனில் மெமோ வாங்க வேண்டும், ‘இந்தச் சிக்னல் வேலையில் இருக்கிறது, நம்பாதே’ என்று எழுத்தில். வண்டி தாமதமானால் ஸ்டேஷனுக்கு ஏச்சு, ஸ்டேஷனிலிருந்து இவனுக்கு ஏச்சு. அதனால் மெமோவைக் கேட்டால் யாரும் தர மாட்டார்கள்; வாயால், சீக்கிரம் ரைட் பண்ணு என்பார்கள். இவர்கள் லூப்பை இரண்டு பக்கமும் கவ்வ விடுவார்கள். கேட் மூடியிருக்கிறது என்று கம்பி பொய் சொல்லும். வண்டி போனதும் கழற்றிவிட்டு உண்மையான வேலையைச் செய்ய வேண்டும். கழற்ற மறந்தால் கேட் திறந்து கிடந்தாலும் சிக்னல் பச்சை விழும்.

மறக்காமலிருக்கத்தான் சிவப்புத் துணி. கல்யாணமான மூன்றாம் வருஷம் அவன் மூன்று கம்பியோடு வந்து, “சிவப்பா ஏதாச்சும் பழந்துணி குடேன்” என்றான். அவளுடைய பழைய உள்பாவாடையைக் கிழித்து, ஒரு முழ வால் போல ஒவ்வொன்றிலும் தைத்துக் கொடுத்தாள். வால் பெட்டிக் கதவுக்கு வெளியே தொங்கும். போகிற வருகிற கண்ணுக்குப் படும், நெஞ்சில் குத்தும். ‘தென்னக ரயில்வே என் பாவாடைய நம்பித்தான் ஓடுது’ என்று அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தது ஒரு காலம்.

சாக்கில் ஒன்று. இரண்டு.

பையை உதறினாள். ஒரு திருகாணி விழுந்தது. பக்கவாட்டுப் பையில் கையை விட்டாள். வண்டியின் பெட்டியைத் திறந்தாள். படுக்க வைத்தபோது கழற்றிப்போட்ட அவனுடைய சேற்றுப் பேண்ட்டின் பையைத் தடவினாள். பிறகு மறுபடி முதலிலிருந்து.

இரண்டுதான்.

உள்ளே போய் அவன் தோளைத் தொட்டாள். “ஏங்க.”

அசைவில்லை.

“ஏங்க, எழுந்திருங்க. லூப்பு ரெண்டுதான் இருக்குது.”

கண் திறக்காமலே சொன்னான். “மேக்கால ஆளுக்குக் குடுத்தேன்.”

“மேக்கால ஏது ஆளு? அதுவும் நீங்கதான பாக்குறீங்க.”

அவன் கண்ணைத் திறந்தான். கூரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் கிடந்தான். உதடு மட்டும் அசைந்தது. ராத்திரி முழுக்க போன இடங்களை ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய்ப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு சட்டென்று எழுந்து உட்கார்ந்தான்.

“வால உள்ள தள்ளிட்டேன்.”

“இன்னா?”

“இலுப்பந்தோப்பு கேட்டுல. அதிகாரி இஞ்சினுலேர்ந்து பாத்துகினே வர்றாருன்னு சொன்னாங்கல்ல. சிவப்பு வெளிய தொங்குனா கண்ணுல பட்டுடுமேன்னு, வால உள்ள தள்ளி கதவ சாத்திட்டேன். வண்டி போனதும் எடுக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள பாயிண்டு பெயிலுன்னு கூப்பிட்டாங்க. திரும்ப அந்தப் பக்கம் வந்தப்ப...” வாயைத் துடைத்துக்கொண்டான். “வெளிய சிவப்பு ஒண்ணும் தெரியல. நானும் போயிட்டேன்.”

“அப்ப இந்நேரம் வரிக்கும்?”

“ஒண்ணும் ஆயிருக்காது. ராத்திரி ஸ்டேஷன் மாஸ்டரு முத்துசாமி சாருக்குத் தெரியும். அவுருதான் மெமோ வாணாம், லூப்பு போடுன்னாரு. ஒவ்வொரு வண்டிக்கும் போன் போட்டு, கேட்டு மூடியாச்சான்னு கேட்டுட்டுதான் சிக்னல் எடுத்தாரு.”

“இப்பவும் முத்துசாமி சாருதான் டூட்டியா?”

அவன் எழுந்து சட்டையை மாட்டினான்.

“கேக்குறேன் இல்ல.”

“எட்டு மணிக்கு ஆள் மாறிட்டாங்க. லீவு போட்டவருக்குப் பதிலா வந்த புதுப் பையன். தமிழ்ச்செல்வன்னு பேரு.”

“அவுருக்கு லூப்பு சேதி தெரியுமா?”

“எழுத்துல இல்லாதது எப்பிடித் தெரியும்.”

“ஸ்டேஷன்ல வெளக்கு எரியற பேனலப் பாத்தா தெரியாதா?”

“பேனல்ல கேட்டு மூடுனா மாதிரிதான் காட்டும், ராணி. எந்நேரமும் மூடுனா மாதிரியே காட்டும். கேட்டுக்குப் போன் போடாமலே பச்ச வுட்டுடுவான்.”

எட்டு மணிக்கு மேல் அந்தத் தடத்தில் வண்டியே கிடையாது, பன்னிரண்டரைக்கு ஒரு பாசஞ்சர். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பது. அவளுக்கு அப்போதுதான் செங்கமலத்தின் குரல் காதில் விழுந்தது. பன்னண்டரைக்குள்ள கரையேறிடுவோம்.

“போன் பண்ணுங்க. ஸ்டேஷனுக்குப் பண்ணுங்க.”

“ஸ்டேஷன் போனு ரெக்கார்டு. வண்டிங்கள நடத்துற கண்ட்ரோல் ஆபீசும் ரெக்கார்டு. கேட்டுல இருக்கற போனும் ரெக்கார்டு. எங்க வாயத் தொறந்தாலும் நானே எழுதிக் குடுத்தா மாதிரிதான்.”

“கேட்டுல கலியம்மாதான இன்னிக்கி? அவ செல்லுல கூப்புடுங்க.”

“டூட்டியில செல்லு ஆன்ல இருந்தா வெளக்கம் கேட்டு ஓலை வந்துடும். ஆஃப் பண்ணி டிபன் பாக்ஸுக்கு அடியில வச்சிருப்பா.” இருந்தாலும் போட்டுப் பார்த்தான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. முத்துசாமி எண்ணுக்குப் போட்டான். பகல் தூக்கத்தில் இருந்தார், அதுவும் அணைந்திருந்தது.

“கண்ட்ரோலுக்குச் சொல்லிடுங்க. வண்டிய நிறுத்திடுவாங்கல்ல?”

“நிறுத்துவாங்க. என்னியும் நிறுத்துவாங்க. பாக்யராஜ் சேதி மறந்துட்டியா? இதே லூப்புதான். வேலைய வுட்டே எடுத்துட்டாங்க. இன்னிக்கி கரிக்கலாம்பாக்கத்துல பிளாட்டுக்கு வாட்ச்மேனு. வெறும் கல்லு நட்ட எடத்துக்கு டார்ச்சு அடிச்சிகினு கெடக்குறான்.” காலைச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டே பேசினான். “நாலு கிலோமீட்டரு. பத்து நிமிசம். போயி எடுத்துட்டு வந்துர்றேன். யாருக்கும் தெரிய வாணாம்.”

வண்டிச் சாவியை எடுத்தான். சாவித் துவாரம் கிடைக்காமல் மூன்று தரம் உரசினான்.

“குடுங்க” என்று அவள் வாங்கிக்கொண்டாள். சாக்கிலிருந்த சாமானைப் பைக்குள் அள்ளிப்போட்டாள். “பின்னால ஒக்காருங்க. பைய மடியில வைங்க.”

*

தரைப்பாலத்தின் மேல் வண்டி போகும் என்று அவள் நினைத்திருந்தாள். போகவில்லை. பாலமே தெரியவில்லை; செம்மண் கரைத்த தண்ணீர் இடுப்பளவு சுழித்துக்கொண்டு ஓடியது. இந்தக் கரையில் இரண்டு பேர் வலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“கலியம்மா எப்பிடி டூட்டிக்குப் போனா?”

“ஏரிக்கர சுத்தித்தான். நானும் காலையில அப்பிடித்தான் வந்தேன்.” அருள்தாஸ் தலையில் அடித்துக்கொண்டான். “அதக்கூட மறந்துட்டேன்.”

வண்டியைத் திருப்பினாள். ஏரிக்கரை வழி ஒன்பது கிலோமீட்டர். கரை நெடுக வழுக்குச் சேறு. ஆக்சிலேட்டரை முறுக்கினால் சக்கரம் ஒரு பக்கம் போகிறது, தளர்த்தினால் வண்டி நின்றுவிடுகிறது.

“மணி எத்தினி?”

“பன்னண்டு அஞ்சு.”

“கண்ட்ரோலுக்குப் போடுங்க.”

“போயிடலாம்.”

 ஏரியில் தண்ணீர் தளும்பிக் கிடந்தது. வானம் மேற்கே கருத்துக்கொண்டு வந்தது.

“செங்கமலம் அக்கா கேட்டுக்கு அந்தாண்ட நடவுக்குப் போயிருக்குது. பத்துப் பன்னண்டு பேரு. என்னியும் கூப்புட்டுது.”

அவன் பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்தான்.

“இத்த ஏன் அப்பவே சொல்லல?”

“சொல்லியிருந்தா போன் போட்டிருப்பீங்களா?”

அவன் போனை எடுத்தான். எண்களை அழுத்துகிற சத்தம் கேட்டது. நிறுத்திவிட்டான். மறுபடி அழுத்தினான். பிறகு, “டவரு இல்ல” என்றான். உண்மையாகவே இல்லையோ, இல்லை என்று சொன்னானோ, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் வண்டி ஏரிக்குள் போயிருக்கும்.

ஏரிக்கரை வளைந்து இறங்குகிற இடத்தில் ரயில் பாதை தெரியும். மூன்று வயல் தள்ளி, மேட்டில், ஒரு கோடு. கோட்டின் நடுவே கேட் ரூம், மஞ்சள் சுவர். இரண்டு பக்கமும் தூக்கிய கேட் கம்பங்கள் வானத்தைப் பார்த்து நின்றன. மேற்கே கொஞ்சம் தள்ளி சிக்னல்.

“நிறுத்து” என்றான் அருள்தாஸ். “நிறுத்தாத. போ. ராணி, போ.”

“இன்னா?”

“பச்ச வுட்டுட்டான்.”

கேட் திறந்திருந்தது. சிக்னல் பச்சையாக இருந்தது. இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கக் கூடாது, பார்த்ததேயில்லை என்று அவன் பிறகு சொன்னான். அந்த நேரத்தில், பையை அவள் காலடியில் போட்டுவிட்டு ஓடுகிற வண்டியிலிருந்தே குதித்தான். சேற்றில் விழுந்து எழுந்து வரப்பில் குறுக்காக ஓடினான். இரண்டு நாளாகத் தூங்காத ஆள் அப்படி ஓட முடியும் என்று அவள் நினைத்ததில்லை.

அவள் சாலை வழியாகவே போனாள். கேட் ரூமுக்குப் பின்னால் கலியம்மாள் குந்தியிருந்து டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். அருள்தாஸ் கத்துவது காற்றில் எதிர்ப்பக்கம் போயிற்று.

“கலியம்மா, கேட்ட போடு.”

சகாயராணியின் குரல்தான் எட்டியது. கலியம்மாள் திரும்பிப் பார்த்தாள். சிக்னலைப் பார்த்தாள். பாத்திரம் கையிலிருந்து விழுந்தது. ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஓடிவந்து கேட் சக்கரத்தைப் பிடித்து உடம்பெல்லாம் சேர்த்துச் சுற்றினாள்.

கம்பம் இறங்கத் தொடங்கியபோது அந்தப் பக்கத்துச் சாலையில் குட்டியானை வந்துகொண்டிருந்தது.

கேட் இறங்குவதைப் பார்த்தால் வண்டிக்காரன் என்ன செய்வான் என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வேகத்தைக் கூட்டுவான். இவனும் கூட்டினான். பின்பக்கத்தில் பெண்கள் குனிந்துகொண்டு “போ போ போ” என்றார்கள். சகாயராணி டி.வி.எஸ்.ஸை அப்படியே சாய்த்துவிட்டு, பாதி இறங்கிய கம்பத்துக்கு அடியில் நுழைந்து, தண்டவாளத்தைத் தாண்டி, அந்தப் பக்கத்துக் கம்பத்துக்கும் வெளியே போய் நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

குட்டியானை அவளுக்கு இரண்டு முழத்தில் நின்றது.

“ஏம்மா, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?” என்றான் டிரைவர்.

“இன்னாடி சகாயம்” என்று மேலேயிருந்து செங்கமலம். “நடவுக்குக் கூப்புட்டா சோறாக்கணும்னுட்டு, இங்க வந்து ரோட்ட மறிக்கிற? ரயில்காரன் பொண்டாட்டின்னா ரோடும் ஒங்களுதா? ஒரு நிமிசத்துல தாண்டியிருப்போமே.”

சகாயராணியால் கையை மடக்க முடியவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் தண்டவாளம் முணுமுணுக்க ஆரம்பித்தது. அப்புறம் ஊதல். அப்புறம் பாசஞ்சர், முழு வேகத்தில், எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நினைப்பில், ஒவ்வொரு பெட்டியாக. அந்தக் காற்றில் அவள் புடவை குட்டியானை மேல் போய் ஒட்டிக்கொண்டது.

செங்கமலம் வண்டிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கேட் திறந்ததும் வண்டி நகர்ந்தது. தாண்டும்போது செங்கமலம் இறங்கிய குரலில் கேட்டாள். “இன்னாடி ஆச்சு?”

“ஒண்ணுமில்லக்கா. போ.”

*

கேட் ரூமில் ஒரு நாற்காலி, ஒரு பெஞ்சு, சுவரில் போன், ஆணியில் சிவப்பு பச்சைக் கொடிகள். கலியம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

“எனக்குப் போன் வரலக்கா. மாதா மேல சத்தியமா வரல. போன் வந்தா மூடாம இருப்பனா? எட்டு மணிலேருந்து ஒண்ணுக்குக்கூட தூரமாப் போவாம இந்த போனப் பாத்துகினுதான் இருக்கேன்.”

“தெரியும்மா” என்றாள் சகாயராணி.

“சிக்னலு எப்பிடிண்ணா விழுந்துச்சு? நான் மூடாம எப்பிடி விழும்?”

அருள்தாஸ் வெளியே போனான். டி.வி.எஸ்.ஸோடு சாய்ந்து கிடந்த பையிலிருந்து சாவியை எடுத்துச் சாம்பல் நிறப் பெட்டியைத் திறந்தான். உள்ளே, கம்பிக் கூட்டத்துக்கு நடுவே, நனைந்து சுருண்டு கிடந்தது சிவப்புத் துணி. இரண்டு கவ்வியையும் கழற்றினான். கையில் சுற்றிக்கொண்டு வந்து பெஞ்சில் போட்டான். கலியம்மாள் அதைப் பார்த்தாள். பதினான்கு வருஷம் கேட்டில் இருப்பவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

“அப்ப எம் மேலதான வந்திருக்கும்” என்றாள் மெல்ல. “கேட்ட தொறந்து வச்சது கலியம்மா. பச்ச விழுந்தும் மூடாதது கலியம்மா. நீ வந்து ராவோட ராவா இத்த எடுத்துட்டுப் போயிருந்தா யாருண்ணா என்ன நம்பியிருப்பாங்க?”

“நான் அப்பிடிச் செய்வனா கலியம்மா?”

“செய்ய மாட்ட. இப்ப கேட்டா செய்ய மாட்டன்னுதான் சொல்லுவ.”

அவன் சுவரோரம் குந்திவிட்டான். மழை தூற ஆரம்பித்தது.

சுவர் போன் அடித்தது. கலியம்மாள் எடுத்தாள். “இலுப்பந்தோப்பு கேட்டு, கலியம்மா பேசறேன்... ஆமா சார்... மூடித்தான் இருந்துச்சு சார், இப்ப தொறந்துட்டேன்... இருக்காரு சார். இங்கதான் இருக்காரு.” போனை நீட்டினாள். “பேனல்ல கேட்டு மூடுனா மாதிரி காட்டலையாம். மெயின்டெய்னர் கேக்குறாரு.”

அறை சின்னது. எதிர்முனையில் பேசுவது மூன்று பேருக்கும் கேட்டது. இளம் குரல். பின்னால் யாரோ, “சார், விழுப்புரம் ரெண்டு டிக்கெட்” என்றார்கள். அந்த ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பதும் தமிழ்ச்செல்வன்தான்.

“அண்ணே, கேட் பெயில் காட்டுது. இந்த வண்டி புதுச்சேரி போய் ஒண்ணேகாலுக்குத் திரும்பிடும். ஏற்கெனவே நேத்திக்கு லேட்டுன்னு கண்ட்ரோல்ல வாங்கிக் கட்டிக்கிட்டோம். சீக்கிரம் ரைட் பண்ணிடுங்க.”

“சார், உள்ள வேலை இருக்குது. ரெண்டு மணி நேரம் வேணும். மெமோ குடுங்க.”

“மெமோ எல்லாம் எதுக்குண்ணே. முத்துசாமி சார் டைம்ல ஓடிச்சே. அதே மாதிரி பண்ணிடுங்களேன்.”

அருள்தாஸின் இடதுகை பெஞ்சுப் பக்கம் நீண்டது. அவன் நீட்டவில்லை; கை தானாக நீண்டது. பத்தொன்பது வருஷத்துப் பழக்கம். சகாயராணி லூப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“குடு ராணி” என்றான், போனைக் கையால் பொத்திக்கொண்டு. “இந்த ஒரு வண்டி. கலியம்மாகிட்ட சொல்லிட்டுத்தான போடறேன். நான் இங்கயே நிக்கறேன்.”

“தூங்கிடுவீங்க.”

“தூங்க மாட்டேன்.”

“வால உள்ள தள்ளுவீங்களா, வெளிய வுடுவீங்களா?”

அவன் அவளைப் பார்த்தான். கோபம் வருகிற முகம்தான். ஆனால் கோபத்துக்கும் தெம்பு வேண்டும்.

“பன்னண்டு பேருங்க” என்றாள். “நானும் அதுல ஏறியிருப்பேன். நெத்திலிக் கொழம்புக்காகத்தான் ஏறல.”

போனுக்குள் “அண்ணே, லைன்ல இருக்கீங்களா” என்றது குரல்.

அருள்தாஸ் கையை எடுத்தான். “சார், ஒண்ணு சொல்லணும். ராத்திரி இந்தக் கேட்டுக்கு லூப்பு போட்டேன். மெமோ இல்லாம. காலையில எடுக்க மறந்துட்டேன். பன்னண்டரை வண்டிக்கு நீங்க பச்ச வுட்டப்ப கேட்டு தொறந்திருந்துச்சு. கேட்டுக்குப் போன் வரல. நான் வந்து சொன்ன பொறவுதான் மூடுனாங்க. லூப்ப இப்ப எடுத்துட்டேன்.”

எதிர்முனையில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. டிக்கெட் கேட்டவர் மறுபடி டிக்கெட் கேட்டார்.

“அண்ணே, லைன் கொரகொரன்னு இருக்கு” என்றது குரல். “நீங்க சொன்னது ஒண்ணும் கேக்கல. என் செல்நம்பர் சொல்றேன், அதுல கூப்பிடுங்க. நம்ம பேசிக்கலாம்.”

லைனில் ஒரு கொரகொரப்பும் இல்லை. கலியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அருள்தாஸ் போனைப் பிடித்தபடி மனைவியைப் பார்த்தான். இங்கே ஒரு கதவு திறந்திருக்கிறது. எல்லோரும் நுழைந்து வெளியேறிவிடலாம். வண்டி பத்திரமாகப் போய்விட்டது. செங்கமலம் இந்நேரம் வீட்டுக்குப் போய் மீன் கழுவிக்கொண்டிருப்பாள்.

“கேக்கலன்னா இன்னொரு வாட்டி சொல்லுங்க” என்றாள் சகாயராணி.

அவன் போனை வாயருகே கொண்டுபோனான். பெயரைச் சொன்னான். வேலையைச் சொன்னான். கேட் பெயரைச் சொன்னான். பிறகு முதலில் சொன்னதையே, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். கடைசியில், “கலியம்மா மேல தப்பு இல்ல” என்று சேர்த்தான்.

“இது ரெக்கார்ட் ஆவுது. தெரியுதில்ல உங்களுக்கு?” குரல் மாறிப்போயிருந்தது. அதிலும் பயம்தான் இருந்தது.

“தெரியும் சார்.”

போன் வைக்கப்பட்டது.

*

திரும்பி வந்த பாசஞ்சர் கிழக்கே சிவப்பில் நின்றுவிட்டது. நீளமாக ஊதியது. நிறுத்தி, மறுபடி ஊதியது. மூடிய கேட்டின் இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்தன. ஒருவன் இறங்கிவந்து கேட் ரூம் சுவரைத் தட்டி, “எம்மாம் நேரம்மா, தூங்கிட்டியா?” என்றான். கலியம்மாள் ஜன்னல் வழியாக, “எங்கிட்ட கேக்காத, ரயிலாண்ட கேளு” என்றாள்.

அருள்தாஸ் பெட்டியைத் திறந்து வேலை பார்க்கப் போகவில்லை. இனி அதைத் தொடக் கூடாது, வருகிறவர்கள் இருக்கிறபடியே பார்க்க வேண்டும் என்றான். பெஞ்சில் உட்கார்ந்தான். கலியம்மாள் மீதி வைத்திருந்த எலுமிச்சை சாதத்தை மூடியில் போட்டு நீட்டினாள். வாங்கினான். சாப்பிடாமலே கையில் வைத்திருந்தான்.

“வேலைய வுட்டு எடுத்துட்டா இன்னா பண்றது ராணி?”

“தெரியல.”

“பாக்யராஜ் பொண்டாட்டி வூட்டுல பேசறதேயில்லியாம்.”

“நான் பேசுவேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.”

அவன் சிரிக்க முயன்ற மாதிரி இருந்தது. தலை சுவரில் சாய்ந்தது. மூடியிலிருந்த சோறு சரிவதற்குள் அவள் வாங்கி வைத்தாள். வாய் லேசாகத் திறந்து, அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினான். ரயில் ஊதியது. அவன் புருவம்கூட அசையவில்லை.

சுவர் போன் அடித்தது. கலியம்மாள் எடுத்து, “சரி சார், சரி சார்” என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

“வெசாரிக்கக் கெளம்பிட்டாங்களாம்க்கா. மோட்டார் டிராலியில. பெரிய அதிகாரியும் வர்றாராம். எழுப்பட்டுமா?”

“வாணாம். வர்ற வரிக்கும் தூங்கட்டும்.”

பையிலிருந்து எடுத்த இரண்டையும் சேர்த்து மூன்று லூப்பையும் அவள் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு துணி முற்றத்து வெயிலில் காய்ந்தது, மொடமொடவென்றிருந்தது. மூன்றாவது இன்னும் ஈரம், புடவையை நனைத்தது. அதைப் பிழிந்து, வால் தெரியும்படி பெஞ்சுமேல் வைத்தாள். மழை வலுத்தது. வெகு நேரத்துக்குப் பாதையில் எந்த அசைவும் இல்லை. பிறகு மேற்கே, மழைக்குள், தண்டவாளத்தின் மேல் ஒரு கறுப்புக் குடை தெரிந்தது. குடைக்குக் கீழே மூன்று நான்கு தலைகள். இயந்திரச் சத்தம் மெல்ல மெல்ல அருகே வந்தது.

சகாயராணி எழுந்து கணவனுடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள். கன்னத்தில் காய்ந்திருந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்தாள். இன்றைக்கு இரண்டாம் தரம் அவன் தோளைத் தொட்டாள்.

“ஏங்க, எழுந்திருங்க. வந்துட்டாங்க.”